உள்ளிருந்து திறக்காத கதவு

வீட்டுக்குப் பின்புறம் தகரக் கொட்டகையில் நிற்கும் அந்தக் காரை மூன்று நாளாக ஒருவர் மட்டும் ஏறிட்டும் பார்க்கவில்லை. யாருக்காக அது வந்ததோ, அவரே.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, நக்கலும் கூடவே திரும்பிவிட்டது. வலது கால் மட்டும் மரக்கட்டை மாதிரி மடங்காமல் நின்றுவிட்டது. பஸ் படி ஏற முடியாது. வாடகைக் காருக்குள் கால் நுழையாது. இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள். எடை குறைவாகப் பிறந்த குழந்தை. இப்போதைக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாத்தா இன்னும் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்காகத்தான் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் மகன், போலீஸ் துறை ஓய்வு கொடுத்து ஏலத்தில் விட்ட ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தான். அகலமான கதவுகள். உரமான அடிச்சட்டம். முன்னால் இடது சீட்டைக் கழற்றிவிட்டு, பின்னால் இடது பக்கத்தில் வெளிப்புறமாகத் திரும்பும் ஒரு சுழல் இருக்கையைப் பொருத்தினால், அப்பா வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்பது அவன் எண்ணம்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் புதன்கிழமை, கதவில் இருந்த நீலப் பட்டையை அவன் சுரண்டி எடுத்த அன்று, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமனாரின் கண்ணில் பின் மட்கார்டில் ஒரு நெளிவு பட்டது. போலீஸ் டிரைவராக இருந்தபோது, ரிவர்ஸ் எடுக்கையில் ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியில் அவரே இடித்த நெளிவு.

"இது என் வண்டி. பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன்," என்றார். முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் தெரிந்தது. அடுத்த கணம் அது அணைந்தது. "நான் இதில ஏற மாட்டேன்."

ஜன்னலைச் சாத்தினார். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

இன்று சனிக்கிழமை. நாளைக் காலை வருவதாக மகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் மகன் மெல்ல ஆரம்பித்தான்.

"அப்பா, நாளைக்கு ஏழு மணிக்குக் கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்."

"தாராளமா போயிட்டு வாங்க. நிறைய போட்டோ எடுத்துட்டு வாங்க."

"போட்டோல பாக்கறதுக்கு வண்டி எதுக்குப்பா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன், வண்டி எதுக்கு?"

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'விடுங்க' என்றாள். கல்லில் நார் உரிக்கும் வேலையைக் காலை நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது என்பது இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம்.

செருப்பை மாட்டிக்கொண்டே கணவன் சொன்னான்: "பாதி நாள்தான் வேலை. மூணு மணிக்கு வந்துடுவேன். தடுப்புக் கம்பி வலை போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டிருக்கேன், வந்து கழட்டிடறேன். பின் கதவுக்குக் கைப்பிடியும் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் ஞாபகம் வச்சுக்க. பின் கதவு ரெண்டும் உள்ள இருந்து திறக்காது. ஒரு கதவு எப்பவும் திறந்தே இருக்கணும்."

"எனக்கா சொல்றீங்க? மூணு வாரமா அதுக்குள்ளதான குடியிருக்கேன்."

அவள் வண்டிகளுக்குச் சீட் தைப்பவள். லாரி சீட், வேன் சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி வரை அவள் கைபட்டவை இந்த ஊரில் பல. எந்த இருக்கையைத் தைத்தாலும் முதல் தையல் போடும்போது அதில் உட்காரப் போகிறவருக்காக ஒரு சொல் வேண்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். லாரிக்காரருக்கு, 'பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.' பல் டாக்டரிடம் வருகிறவருக்கு, 'அதிகம் வலிக்காமல் இருக்கட்டும்.'

இந்தச் சுழல் இருக்கைக்கு மட்டும் வேண்டுதல் வரவில்லை. உட்கார மாட்டேன் என்கிறவருக்காக என்னவென்று வேண்டுவது? தலை சாய்க்கும் தலைப்பகுதியை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, கதவு உறைகளைப் பொருத்தப் போனாள்.

காருக்குள் இன்னும் போலீஸ் வாசம் மிச்சம் இருந்தது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கம்பி வலை. பின் ஜன்னல்கள் இறங்காது. பழைய சீட்டை உரித்தபோது அடியில் கிடைத்தவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்: பேனா மூடி, ஒற்றைக் காதணி, உடைந்த சீப்பு, பித்தளைப் பட்டன் ஒன்று. யாருடையதென்று தெரியாதவை. எறிய மனம் வரவில்லை.

வலது கதவு உறை கச்சிதமாக உட்கார்ந்தது. சாத்தினால் இருக்கையின் ஓரத்தில் உரசுமோ? சாத்திப் பார்த்தாள். உரசவில்லை. திருப்தியோடு இந்தப் பக்கம் திரும்பி, சுழல் இருக்கையின் ஓரத்தில் தான் தைத்த உருண்டைப் பட்டியைத் தடவிக்கொண்டே இடது கதவையும் இழுத்துச் சாத்தினாள்.

டக்.

நல்ல தையல்காரிக்கு ஓரம்தான் கண்ணில் இருக்கும், உலகம் இருக்காது. அந்த 'டக்' காதில் விழுந்த பிறகுதான் உலகம் திரும்பி வந்தது.

"அடக் கடவுளே," என்றாள்.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு தகடு. தள்ளினாள். தட்டினாள். காலால் உதைத்தாள். சண்டி மாடு மாதிரி கதவு அசையவில்லை. முன் கதவின் கண்ணாடி இறங்கியிருந்ததால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் தகரக் கூரை சூடேற ஆரம்பித்திருந்தது. போன், வெளியே தையல் மெஷின் மேல் இருந்தது.

சரியாகப் பதினொரு மணிக்கு அது அடித்தது. நாத்தனார்தான். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுக் குழந்தையின் சத்தத்தைக் கேட்கவைப்பாள். போன் முழுதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது, மூன்று நாளாகச் சாத்திக் கிடந்த ஜன்னல் கிறீச்சென்று திறந்தது.

"அம்மாடி, போன் அடிக்குது!"

"தெரியுது மாமா!"

"எடுக்க வேண்டியதுதானே?"

"முடியல மாமா! உள்ள மாட்டிக்கிட்டேன்!"

ஜன்னலில் தலை இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

"ரெண்டு கதவையும் சாத்திட்டியா?"

"ஆமா!"

"எதுக்கு?"

"சீட்டு ஓரம் கதவுல உரசுதான்னு பாத்தேன்!"

"உரசுதா?"

"இல்ல!"

"அப்ப வேலை சுத்தம்," என்றார். தலை உள்ளே போனது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமனார் பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடுவார் என்று நினைத்தாள். நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு பின்வாசல் பக்கம் 'டொக்... டொக்' என்று வாக்கர் ஊன்றும் ஓசை கேட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்வாசலில் இரண்டு படிகள். எட்டு மாதமாக அவர் இறங்காத படிகள். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் கெஞ்சியிருக்கிறார், மகன் கோபித்திருக்கிறான், அவளே அழுதிருக்கிறாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

"மாமா, வேண்டாம்! விழுந்துடுவீங்க!"

"நீ வாயை மூடிட்டு இரு. படியை எண்ணிட்டு இருக்கேன்."

"ரெண்டே படிதான் மாமா!"

"எனக்கு அது இருபது."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் படி. நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இரண்டாவது படி. கைகூப்பத் தோன்றியது அவளுக்கு. கையில் ஊசி இருந்ததால் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

வந்து சேர்ந்தார். மறுபக்கம் சுற்றிப் போகக் கால் தாங்காது என்பதால், அருகில் இருந்த பின் வலது கதவின் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை.

"பாத்தியா, இன்னும் மாறல இவ. அப்பவே இப்படித்தான். 'சண்டி'ன்னுதான் கூப்பிடுவேன். இடுப்பால ஒரு இடி இடிச்சுட்டு இழுத்தாதான் திறப்பா. இப்ப என் இடுப்பு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

"ஹாரன் அடிங்க மாமா. யாராவது வருவாங்க."

"போலீஸ் வண்டி ஹாரன் சத்தம் கேட்டு எவன் வருவான்? ஓடத்தான் செய்வான்."

அவர் சிரித்தார். ஆனால் இடது கால் நடுங்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

"மாமா, முதல்ல உக்காருங்க. டிரைவர் பக்கக் கதவு திறந்துதான் இருக்கு. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு அப்புறம் பாக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, எங்கயும் போக முடியாது."

ஏற மாட்டேன் என்ற சபதம் அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு நிமிடம் நின்றார். கால் அதற்கு மேல் நிற்க விடவில்லை. டிரைவர் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு, இடது கையை ஸ்டீயரிங் மேல் வைத்தார். கை தானாகவே தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

சட்டைப் பையில் எதையோ துழாவினார். கம்பி வலையின் ஓட்டை வழியாக, பக்கவாட்டில் திரும்பியபடி, ஒரு பெப்பர்மிண்ட் உள்ளே வந்து அவள் மடியில் விழுந்தது.

"மாமா! டாக்டர் இனிப்பே கூடாதுன்னாரே! எங்க இருந்து வருது இது?"

"பூட்டிக் கிடக்கறவ கேள்வி கேக்கக் கூடாது. வாயில போடு, தாகம் தெரியாது." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஓட்டையில நேராப் போட்டா போகாது. திருப்பிப் போட்டாதான் போகும். எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன்! பக்கத்துல அதிகாரி இருப்பாரு. அவருக்குத் தெரியாம கையைப் பின்னால விட்டு... திருடனோ நல்லவனோ, வாய் உலர்ந்து போயிருக்கும் எல்லாருக்கும். அழுதாங்கன்னா இதைத் திருப்பி வச்சுடுவேன்." நிமிர்ந்து, நடுக் கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பிக் காட்டினார். "அழறவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது, அம்மாடி. அது அவன் சொந்தம்."

பெப்பர்மிண்ட் அவள் வாயில் குளிர்ந்தது. மாமனாரைப் பற்றி இந்த ஆறு வருடத்தில் தெரியாத ஒன்று அது.

"இவ்வளவு நல்லா பாத்துக்கிட்ட வண்டி. இதுல ஏற மாட்டேங்கறீங்களே மாமா."

கண்ணாடி கூரையைப் பார்த்தபடியே இருந்தது. அதனால் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"ஒருத்தன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி. தச்சு வேலை செய்றவன். நகத்துக்கு அடியில மரத்தூள் இருந்தது. வெளியூர்ல வேலை செஞ்சுட்டு இருந்தவனை ஏதோ கேஸ்ல விசாரிக்கணும்னு பிடிச்சுக் கூட்டிட்டு வந்தோம். இப்ப நீ உக்காந்திருக்கியே, அங்கதான் இருந்தான். பாலம் தாண்டினதும் சொன்னான், 'அண்ணே, ரெண்டாவது திருப்பத்துல திரும்பினா எங்க வீடு. சைக்கிள் கடைக்கு அடுத்தது, பச்சைக் கேட்டு. குழந்தை பிறந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் பாக்கல. நிறுத்தக்கூட வேண்டாம், மெதுவாப் போனா போதும். வாசல்ல தூக்கிட்டு நிக்கச் சொல்லி கிளம்பும்போதே போன் பண்ணியிருக்கேன்.'"

"அதிகாரி ஒத்துக்கலையா?"

"அவரு தூங்கிட்டு இருந்தாரு."

கொட்டகைக்குள் தகரம் மட்டும் சூட்டில் முனகியது.

"திருப்பியிருந்தா ரெண்டு நிமிஷம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் நேராப் போயிட்டேன்."

"ஏன் மாமா?"

"பயம். வேற என்ன? வேலை போயிடுமோன்னு பயம். ஒரு பெப்பர்மிண்டைப் போட்டேன். அவன் எடுக்கல. அவன் பெப்பர்மிண்டா கேட்டான்? ஒரு திருப்பம் கேட்டான்." கட்டைவிரலால் ஸ்டீயரிங்கைத் தேய்த்தார். "அப்புறம் அவன் என்ன ஆனான்னு தெரியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கவும் தைரியம் வரல. இப்ப அதே இடத்துல என்னை உக்கார வச்சு, என் பேத்தியைப் பாக்கக் கூட்டிட்டுப் போறேங்கறீங்க."

அவள் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. 'அதையெல்லாம் நினைக்காதீங்க மாமா' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருப்பதை ஒரு வார்த்தையில் தட்டிவிடுவது கருணை ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தச் சீட்டைத்தான் கழட்டியாச்சே மாமா," என்றாள் கடைசியில்.

"சீட்டு வேற. இடம் அதேதான்."

அவள் கதவின் வழவழத் தகட்டைத் தடவினாள். அரை மணி நேரமாக அது அவளுக்கும் பகையாளி.

"உள்ள இருந்து திறக்க முடிஞ்சா அது வேற இடம் மாமா. எனக்கு இப்பத்தான் தெரியுது."

முன்னாலிருந்து ஒரு செருமல்.

"சரி, சரி. நீ உள்ள இருந்து தோளால இடி. நான் வெளிய இருந்து இழுக்கறேன். மூணு எண்ணுவேன். மூணுக்கு முன்னாடி இடிச்சேன்னா நான்தான் விழுவேன்."

வாக்கரைப் பற்றி எழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. சண்டி ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. அவள் வெளியே வந்து விழப் போனாள். வாக்கரின் குறுக்குக் கம்பிதான் தாங்கியது. இருவருமாகச் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்த காகம் பறந்தது.

மூன்று மணிக்கு மகன் வந்தபோது, அப்பா கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்பா! படி எப்படி இறங்குனீங்க?"

"பொண்டாட்டியைப் பூட்டி வச்சுட்டுப் போயிட்ட. யாரு திறந்து விடறது? இங்க பாரு," என்று பித்தளைப் பட்டனைத் தூக்கிக் காட்டினார். "என் யூனிபார்ம் பட்டன். இதைத் தொலைச்சதுக்கு உங்க அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. புண்ணியவதி இருந்திருந்தா இப்பக் காட்டியிருப்பேன்."

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தலைப்பகுதிக்கான துணியை வெட்டிக்கொண்டே, ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவன் கொண்டுவந்த கைப்பிடி பொருந்தவில்லை. வேறு மாடல். கடை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.

"போச்சு. நாளைக்கு இப்படியே போயிட்டு வரலாம்ப்பா. நான் வெளிய இருந்து திறந்து விடறேன்."

"முடியாது," என்றார் அப்பா. "உள்ள கைப்பிடி இல்லாம நான் ஏறல."

மகனுக்கு அந்த வாக்கியத்தின் பாதிதான் காதில் விழுந்தது. "அப்ப கைப்பிடி இருந்தா ஏறுவீங்களா?"

"மெக்கானிக்கு! முன்னால இடது சீட்டைத்தான் கழட்டிட்டியே. அந்தக் கதவுப் பக்கம் இனிமே யாரு உக்காரப் போறா? அதுல இருக்கற கைப்பிடி யாருக்குக் காத்துட்டு இருக்கு? இந்தச் சண்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பூட்டுதான். நான் மாட்டியிருக்கேன்."

அரை மணியில் கைப்பிடி இடம் மாறியது. பிறகு கம்பி வலை. ஐந்து போல்ட்டுகளை மகன் கழற்றினான். ஆறாவதை அப்பா கேட்டு வாங்கி, இடது கையாலேயே திருகினார். நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போகாமல் இருப்பதும் சில நேரம் ஓர் உதவி.

அவள் தலைப்பகுதியின் முதல் தையலைப் போட்டாள். இப்போது வேண்டுதல் வந்தது. அவருக்காக மட்டும் இல்லை. அங்கே முன்பு உட்கார்ந்து போனவர்கள் எல்லோருக்காகவும். 'ஆண்டவனே, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கட்டும்.'

மாலை வெயில் சாய்ந்தபோது இருக்கை வெளிப்பக்கமாகச் சுழன்றது. மாமனார் உட்கார்ந்தார். மகன் மெல்லத் திருப்பி உள்ளே விட்டான். கம்பி வலை இல்லாத முன்பக்கம் வரை கால் தாராளமாக நீண்டது.

"தள்ளிப் போங்க ரெண்டு பேரும்," என்றார்.

கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். டக். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் அசையாமல் இருந்தது. மகன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. உள்ளிருந்து.

மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார். மூன்றாவது தடவை திறந்தபோது தையல் மெஷின் மேல் போன் அடித்தது. அவள் ஓடிப் போய் எடுத்து அவரிடமே கொடுத்தாள்.

"காலையில கூப்பிட்டப்ப யாரும் எடுக்கலையே, என்னாச்சு? அப்பா நாளைக்கு வராரா இல்லையா?" என்று நாத்தனாரின் குரல். பின்னணியில் பசித்த ஒரு சின்னக் குரல்.

"வரேம்மா," என்றார் அப்பா. "ஆனா ஒரு மணி நேரம் தாமதம் ஆகும். வழியில ஒரு திருப்பம் இருக்கு."

"என்ன திருப்பம்ப்பா?"

அவர் போனை மருமகளிடம் நீட்டிவிட்டு, சட்டைப் பையில் மிச்சமிருந்த பெப்பர்மிண்ட் பொட்டலத்தை எடுத்து மகனிடம் கொடுத்தார். "வண்டி முன்னால டாஷ்போர்டு டப்பாவுல வை."

"யாருக்குப்பா?"

"அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்," என்றார். "பச்சைக் கேட்டு இன்னும் அங்க இருந்தா."